மாப்பிள்ளையின் வெள்ளைப் பேண்ட்

அந்த ஏழு வார வெளிநாட்டுச் சுற்றுப்பயணத்தில் முதல் ஆறு வாரம் நான் மைதானத்துக்குள் போனதெல்லாம் தண்ணீர் கொடுக்கத்தான். நான் மாற்று விக்கெட் கீப்பர். முதல் கீப்பர் தும்மினால்கூட ஆவலோடு நிமிர்ந்து பார்ப்பேன். மனிதர் கல்லுக்குண்டு, தும்மலோடு சரி. மடிப்புக் கலையாத வெள்ளை உடையில் நான் தினமும் ஓரமாக வந்து உட்காருவதைப் பார்த்து, கேப்டன் எனக்கு ‘மாப்பிள்ளை’ என்று பேர் வைத்துவிட்டார்.

கடைசி ஒருநாள் ஆட்டத்துக்கு முந்தின நாள், எங்கள் மேனேஜர் எல்லாருடைய வெள்ளை உடைகளையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஹோட்டல் சலவைக்கு அனுப்பினார். கூடவே தன் புத்தம்புது சிவப்பு ஸ்வெட்டரையும் செருகிவிட்டார். என் உடை மட்டும் போகவில்லை. உட்கார்ந்தே இருப்பவனுக்கு அழுக்கு எங்கிருந்து வரும்?

மறுநாள் காலை டிரெஸ்ஸிங் ரூமில் மூட்டையைப் பிரித்தால், அத்தனையும் ரோஜாப்பூ நிறம்.

வேகப்பந்து வீச்சாளர் தன் சட்டையைத் தூக்கிப் பிடித்தார். “இதைப் போட்டுக்கிட்டு நான் எப்படிய்யா ஒருத்தனை முறைக்கிறது?”

அம்பயர் வந்து பார்த்தார், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார், முடியாது என்று தலையசைத்துவிட்டுப் போனார். உடனே எல்லார் கண்ணும் என் பெட்டி மேல் விழுந்தது. அதில் இரண்டு செட் இருந்தது. முதல் கீப்பர் உரிமையோடு ஒன்றை எடுத்து மாட்டினார். சரியாக இருக்கிறதா என்று குந்திப் பார்த்தார். ‘டர்ர்’ என்று ஒரு சத்தம். அவர் எழுந்திருக்கவே கூச்சப்பட்டார்.

அதற்குள் எதிரணிக்காரர்கள் பெரிய மனசோடு தங்கள் மாற்றுச் சட்டைகளையும் பேண்ட்டுகளையும் கொடுத்தனுப்பினார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் ஆறேகால் அடி. எங்கள் ஆட்கள் பேண்ட்டைக் கழுத்து டையால் இடுப்பில் இறுக்கிக் கட்டினார்கள். அப்படியும் ஒரு கை இடுப்பிலேயே இருக்க வேண்டியிருந்தது. கீப்பருக்கோ இரண்டு கையும் வேண்டும்.

கேப்டன் என்னிடம் குழைந்தார். “மாப்பிள்ளை, அந்த இன்னொரு பேண்ட்டைக் குடுடா. ஒல்லியா வேற யாரையாவது கீப்பரா நிறுத்திக்கிறேன்.”

“தாராளமா தர்றேன் கேப்டன். ஆனா உள்ள நான் இருப்பேன்.”

அவர் என்னை முறைத்தார். கிழிந்த பேண்ட்டோடு சுவரோரம் ஒட்டி நின்ற கீப்பரைப் பார்த்தார். பிறகு ஆட்டக்காரர் பட்டியலில் என் பேரை எழுதினார்.

அன்று எங்கள் பந்துவீச்சுக்கு ஈடே இல்லை. கால்சட்டை பாய்மரம்போல் படபடக்க வீச்சாளர் ஓடிவந்தால், மட்டையாளர் சிரிப்பாரா, பந்தைப் பார்ப்பாரா? குலுங்கிக் குலுங்கி விளிம்பில் தட்டினார்கள். நான் நான்கு கேட்ச் பிடித்தேன். ஐந்தாவதை விட்டேன், எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

எங்கள் முறை வந்தது. ஒன்பது விக்கெட் போயிற்று. கேப்டனும் நானும்தான் மிச்சம். கடைசிப் பந்து, வெற்றிக்கு இரண்டு ரன். நான் ஓங்கி அடித்தேன். ஒரு ரன் ஓடினோம், கணக்கு சமம். பந்து எல்லைக் கோட்டருகே உருண்டுகொண்டிருந்தது.

“ரெண்டு! வாங்க வாங்க!” என்று கத்திக்கொண்டே நான் பறந்தேன். பாதி வழியில் கேப்டன் ஆணி அடித்தாற்போல் நின்றிருந்தார். இடுப்பிலிருந்த டை அவிழ்ந்துவிட்டது. ஒரு கையில் மட்டை, மறு கையில் மானம். ஸ்டம்பு எகிறியது. டை அவிழ்ந்ததால் ஆட்டமும் டை!

அதற்குப் பிறகு யாரும் என்னை அணிக்குக் கூப்பிடவில்லை. “ஆடினது ஒண்ணே ஒண்ணு, அதுலயும் கேப்டனை நட்டாத்துல விட்டீங்க” என்று என் மனைவி இன்றைக்கும் குத்திக்காட்டுவாள். நானோ ஒருமுறைகூட அவுட் ஆகாத சர்வதேச ஆட்டக்காரன். பதினேழு ரன், நாட் அவுட். என் சராசரியை எவராலும் வகுத்துச் சொல்ல முடியாது.

ஊர் திரும்பும் விமானத்தில் கேப்டன் என் பக்கத்து இருக்கையில்தான் இருந்தார். ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார்:

“அந்த ரெண்டாவது ரன் இருந்துச்சாடா?”

“நல்லாவே இருந்துச்சு கேப்டன்.”

“எனக்கும் தெரியும். மட்டையை நீட்டி விழுந்திருந்தா ஜெயிச்சிருப்போம்.” குரலைத் தாழ்த்தினார். “ஆனா முன் வரிசையில மந்திரி சம்சாரம் உக்காந்திருந்தாங்கடா.”