படத்தின் ஓரத்தில் ஒரு கை

ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் டோஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். எக்ஸ்ரே எடுத்துக்கொண்டவர் உடம்பில் எவ்வளவு கதிர் பட்டிருக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது அவள் வேலை.

அன்று ஒரு லாரி டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள். அவர்கள் மகள் பிறக்கும்போதே இடுப்பு மூட்டு விலகியிருந்ததால், கைக்குழந்தையாக இருந்தபோது இங்கேதான் மாதாமாதம் படம் எடுத்திருந்தார்கள். இப்போது அவள் பள்ளிக்கூடத்தில் ஓட்டப்பந்தயம் ஓடுகிறாள். டிரைவருக்குத்தான் எக்ஸ்ரே கதிரைப் பற்றிப் போனில் எதையோ படித்துவிட்டுத் தூக்கம் போயிருந்தது.

அக்கா பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தாள். குழந்தையின் சின்ன எலும்புகள். ஓரத்தில், அதன் காலை அழுத்திப் பிடித்திருந்த பெரிய விரல் எலும்புகள்.

"என் கைதான்" என்றார் டிரைவர். "எலும்பாப் பாத்தாலும் அழகாத்தான் இருக்கு."

அடுத்த படத்தில் விரல்கள் மெலிதாக இருந்தன. ஒன்றில் மோதிரம் வெள்ளையாகத் தெரிந்தது.

"இது யாரு? நீங்க மோதிரம் போடுவீங்களா?"

"ஸ்டியரிங் பிடிக்கிற கைக்கு மோதிரம் சரிப்படாது மேடம்." அவர் பார்வை மனைவியின் விரலுக்குப் போனது. மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மகளுக்குப் பட்டது பயப்படும்படி ஒன்றுமில்லை என்று அக்கா விளக்கி அனுப்பினாள்.

மறுநாள் மனைவி மட்டும் உள்ளே வந்தாள்.

"அந்தக் கை என்னுதுங்க. அன்னைக்கு அவர் லோடு ஏத்திக்கிட்டு வெளியூர் போயிருந்தாரு. குழந்தையைப் பிடிக்க ஆள் இல்ல. மாசமா இருக்கீங்களான்னு கேட்டாங்க. இல்லைன்னுட்டேன். இருந்தேன்."

அக்கா நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"பத்து நாள்ல கலைஞ்சு போச்சு. அதுக்கப்புறம் தங்கவே இல்ல. வீட்ல யாராவது லைட் சுவிட்சைத் தட்டினாக்கூட அந்த மெஷின் சத்தம்தான் கேக்குது. குழந்தை அழுது, நான் அமுக்கிப் பிடிக்கிறேன், டக்குன்னு சத்தம். வயித்துல இருந்தது திடுக்கிடுது. வருஷக்கணக்கா இதே."

"எங்க நின்னீங்க? கதிரைத் தடுக்க ஈய ஏப்ரன் மாட்டி விட்டாங்களா?"

நினைவிருந்ததைச் சொன்னாள். படத்தோடு பதிவாகியிருந்த மெஷினின் மின்னழுத்தத்தையும் கதிர் பாய்ந்த நேரத்தையும் எடுத்து, அவள் நின்ற தூரத்தையும் சேர்த்து, அக்கா கணக்குப் போட்டாள். ஏப்ரனே இல்லை என்று வைத்து இன்னொரு தடவையும் போட்டாள்.

"கதிர் நேரா உங்க வயித்துல படல. குழந்தை மேல பட்டுச் சிதறினதுல ஒரு துளி வந்திருக்கும். மண்ணுல இருந்தும் சுவத்துல இருந்தும் ஒரு நாளைக்கு நம்ம மேல படுறது இதைவிட அதிகம். இதனால கரு கலையாதும்மா."

அழுவாள் என்று அக்கா எதிர்பார்த்தாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்போ எதனால போச்சு?"

அக்காவிடம் அதற்குக் கணக்கு இல்லை. "தெரியலம்மா. பல தடவை காரணமே தெரியறதில்ல."

"இவ்வளவு நாளா காரணம்னு நான் ஒருத்தி இருந்தேன். இப்போ அதுவும் இல்லாம…"

எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். வெளியே பெஞ்சில் கணவர் உட்கார்ந்திருந்தார். அவரை உள்ளே அழைத்து வந்து, "இவர்கிட்டயும் ஒரு தடவை சொல்லுங்க" என்றாள். அக்கா மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள்.

"நேத்து மோதிரத்தைப் பாத்ததுமே உன் கைதான்னு புரிஞ்சுபோச்சு" என்றார் அவர், மனைவியிடம். "அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா நீங்களும் நம்பியிருப்பீங்க."

அவர் மறுக்கவில்லை. பிறகு அவர் அவள் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டார். இருவரும் வராந்தாவில் மெதுவாக நடந்தார்கள். எக்ஸ்ரே அறையைத் தாண்டும்போது மட்டும் அவள் அறைப் பக்கமிருந்து அவருடைய மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டாள்.