பகைப் பட்டியல் காலி

அப்கிரேடு முடிந்த மறுநாள், சிறை அலுவலகத்தில் கணினிக்காரர் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்படியென்ன கிழித்துவிட்டார்? புது மென்பொருள் பழைய கான்ஃபிக் ஃபைல்களை ஓரங்கட்டிவிட்டுத் தன் வெற்று ஃபைல்களை வைத்திருந்தது. தரவுத்தளத்திடம் எதைக் கேட்க வேண்டும் என்று எழுதியிருக்கும் ஃபைல்கள் அவை. பழையதில் இருப்பதைப் புதியதில் கையால் ஏற்ற வேண்டும். நாற்பதில் முப்பத்தொன்பதை ஏற்றினார். நாற்பதாவது, யாரை யாரோடு ஒரே அறையில் அடைக்கக் கூடாது என்று கேட்கும் பகைப் பட்டியல். அதன் வெற்று ஃபைலையே ஓட்டிப் பார்த்தார், பிழை எதுவும் வரவில்லை. அதையும் ஏற்றியாயிற்று என்று நினைத்துக்கொண்டார். பாவி மனுஷன், பிழை வராததும் பதில் வராததும் ஒன்றா?

இரண்டாம் பிளாக் காவலன் அவர் மனைவியின் தம்பி. அறை ஒதுக்கும் தாளை வாங்க வந்தவன் திரையை எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, பகையில ஒருத்தர் பேர்கூட இல்ல? ராத்திரியோட ராத்திரியா எல்லாரும் ராசியாயிட்டாங்களா?"

"அப்கிரேடுன்னா சும்மாவா மாப்ளே! வாயப் பொத்திக்கிட்டுப் போய் ஆளுங்கள அடை."

இருவரும் சிரித்தார்கள். அவன் தாளோடு போனான்.

பத்து மணிக்கு அபாய மணி அலறியது.

பதினான்காம் அறையில் கோணவாயனும் சுருட்டையும். வெவ்வேறு சிறைகளிலிருந்து அன்றுதான் வந்த கைதிகள். இங்குள்ள காவலர் யாருக்கும் அவர்களை முகம் பார்த்துத் தெரியாது. சுருட்டையின் அண்ணனைக் கழுத்தறுத்தவன் கோணவாயன். பூட்டு விழுந்த சூட்டோடு சுருட்டை கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடுங்கினான். மணி அடித்ததும் அலுவலகக் கதவு தானாகப் பூட்டிக்கொள்ள, கணினிக்காரர் கேமரா திரையில் எல்லாவற்றையும் பார்த்தார். கோணவாயனின் தாடை உடைந்தது. பல்லும் ரத்தமுமாகச் சரிந்தவனின் தலையில் சட்டம் மறுபடி மறுபடி இறங்கியது. கதவைத் திறந்து உள்ளே பாய்ந்தவன் மைத்துனன். சுருட்டை திரும்பினான். சட்டத்தின் முனை மைத்துனனின் தொண்டைக்குள் போயிற்று.

"ஐயோ, மாப்ளே!" என்று திரையை அறைந்தார் அவர். திரைக்கு என்ன தெரியும்?

பழைய ஃபைலைத் தேடிப் பிடித்து ஏற்றினார். மூன்று வரிகள் சிவப்பாக வந்தன. முதல் வரி பதினான்காம் அறை. மற்ற இரண்டு அறைகளில் இருந்தவர்களை போனில் தொண்டை கிழியக் கத்திப் பிரிக்கவைத்தார்.

கதவு திறந்து கண்காணிப்பாளர் வந்தார். பின்னால் தடியோடு மூத்த காவலர். அவர் சட்டையெல்லாம் மைத்துனனின் ரத்தம்.

"இதோ சிவப்பா காட்டுதே!" என்றார் கண்காணிப்பாளர். "இதப் பாக்காமயா அடைச்சான்? செத்தவன் மேலதான் தப்பு. அப்படியே எழுதிடுவோம்."

தலையாட்டினால் போதும். வேலை போகாது, வீட்டில் மனைவி முகத்தில் விழிக்கலாம். ஆனால் அவர் மேசைமேல் கையூன்றி எழுந்தார்.

"அவன் பாத்தான் சார். பாத்துட்டுக் கேக்கவும் செஞ்சான். நான்தான் சிரிச்சு அனுப்பினேன். இந்தச் சிவப்பு இப்பத்தான் வந்துச்சு."

மூத்த காவலரின் தடி மேசைமேல் இருந்த அவர் கையில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. மற்ற கையால் போனை எடுத்து, செத்தவனின் அக்காவைக் கூப்பிட்டார்.