கூட்டி எழுதிய எடை

உசிலம்பட்டிக்குத் தெற்கே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருந்த அந்த அங்கன்வாடியில் அன்று எடை பார்க்கும் நாள். முத்துமீனா தன் பதினாறு மாத மகன் விக்ரமை மெஷினில் உட்கார வைத்தாள். ஏழு கிலோ இருநூறு. போன மாதத்தைவிட நானூறு கிராம் குறைவு. தமிழ்வாணி டீச்சர் செல்போன் பதிவில் எடையைப் போடாமல் பையனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அழவில்லை. அழத் தெம்பில்லாத பிள்ளைகளை இருபது வருட வேலையில் அவள் நிறையப் பார்த்திருக்கிறாள்.

அந்த வருடம் மழை ஏமாற்றியிருந்தது. களையெடுப்பு வேலையும் இல்லை. முத்துமீனாவின் வீட்டில் மூன்று வேளையும் ரேஷன் அரிசிக் கஞ்சிதான். சின்னவனுக்கென்று கொடுக்கும் சத்துமாவை மூத்தது இரண்டும் சேர்ந்துதான் குடிக்கும். இதெல்லாம் தமிழ்வாணிக்குத் தெரியும். எடை மிகவும் குறைவு என்று விக்ரமின் பெயருக்கு நேரே சிவப்பு விழுந்தால் மதுரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும் என்பதும் தெரியும். ஆனால் போன வாரக் கூட்டத்தில், உங்கள் சென்டரில் மட்டும் ஏன் சிவப்பு குறையவே மாட்டேனென்கிறது என்று எல்லோர் முன்னாலும் மேலதிகாரி கேட்டிருந்தார். அவள் எட்டு கிலோ நூறு என்று போட்டாள். ஒரு மாதத்தில் எப்படியும் தேற்றிவிடலாம் என்றுதான் நினைத்தாள்.

"கூடியிருக்கா டீச்சர்?"

"கூடியிருக்குத்தா."

முத்துமீனாவின் முகம் மலர்ந்துபோனது. போகிற வழியெல்லாம் பார்த்தவர்களிடம் சொல்லிக்கொண்டே போனாளாம்.

பத்து நாள் கழித்துப் பையனுக்கு வயிற்றோட்டம் கண்டது. பல் முளைக்கிறது போல என்று மூன்று நாள் கைவைத்தியம் பார்த்தாள். நாலாம் நாள் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடியபோது, ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகுமுன்பே அவன் உடம்பு குளிர்ந்துவிட்டது.

காரியம் முடிந்த மறுவாரம் முத்துமீனா அங்கன்வாடிக்கு வந்தாள். பிள்ளைகள் மதியச் சாப்பாடு முடிந்து தூங்கிக்கொண்டிருந்தார்கள். கதவோரம் உட்கார்ந்தவள், நான் என்ன தப்புச் செய்தேன் என்று கேட்டாள். எடை ஏறின பிள்ளை எப்படி இப்படிப் போகும், கஞ்சியில் ஏதும் கோளாறா, தண்ணீரைக் காய்ச்சாமல் கொடுத்துவிட்டேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். தமிழ்வாணி என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். தண்ணீர்தான் என்று சொன்னால்கூட அவள் நம்பியிருப்பாள்.

"நீ ஒண்ணும் செய்யலத்தா. எடை கூடல. நான்தான் கூட்டி எழுதுனேன்."

முத்துமீனா நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"அப்ப எம்புட்டு இருந்தான்?"

தமிழ்வாணி சொன்னாள்.

"தூக்கயிலயே தெரிஞ்சுச்சு டீச்சர், இளைச்சுப் போனான்னு. நீங்க கூடியிருக்குன்னீக. படிச்சவுக சொல்றாக, நம்ம கைக்கு என்ன தெரியும்னு விட்டுட்டேன்."

அவள் எழுந்தாள். தமிழ்வாணி பிடிக்கப் போன கையை விலக்கவும் இல்லை, பற்றவும் இல்லை. எப்போதும் சொல்லும் 'வாரேன் டீச்சர்' அன்று இல்லை. வெயிலில் இறங்கி, காய்ந்துபோன சோளக்காட்டு வரப்பில் நடந்தாள். ஒருக்களித்துச் சாய்ந்த இடுப்பும் வளைந்த இடக்கையுமாக, பிள்ளையைச் சுமந்து பழகிய அதே நடை.