அசையாமல் இருபது நிமிஷம்

இரண்டு வாளித் தண்ணீரைத் தலையில் கொட்டிக்கொண்டு, ஈரவேட்டி காலைக் கவ்வ, அஷ்வின் குளியலறையிலிருந்து நேராக வாசலுக்குப் போனான். கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடந்த அப்பாவையோ, தர்ப்பையோடு காத்திருந்த வாத்தியாரையோ அவன் பார்க்கவில்லை. செருப்பு அலமாரி ஓரமாக நின்ற, அப்பாவோடு பறவைப் படம் எடுக்கப் போகும் பரத்தைப் பார்த்தான்.

"அப்பா இருபது நிமிஷம் அசையவே இல்லைன்னு டாக்டர்கிட்ட நீங்கதானே சொன்னீங்க? அந்த இருபது நிமிஷம் கூடப் போன ஆறு பேரும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

பரத்தின் பேன்ட்டில் முழங்கால்வரை ஏரிச்சேறு காய்ந்திருந்தது. விடிகாலையில் ஹெப்பகோடி தாண்டி ஏரி, அங்கிருந்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து அடுகோடியில் இந்த வீடு. எல்லாவற்றுக்கும் அதே பேன்ட்.

"சார் சேத்துல குப்புறப் படுத்துதான் எடுப்பாரு. பறவையோட கண்ணு மட்டத்துக்கு லென்ஸ் எறங்கணும்பாரு. அப்ப யாரும் கிட்ட போகக்கூடாது. போன வாரம் நான் தும்மினதுக்கே ரெண்டு நாள் பேசல."

"அதனால?"

"இன்னிக்கும் அப்படித்தான்னு நெனச்சோம்."

அப்பா சீனிவாசராகவன் முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். நாற்காலியில் அசையாமல் இருந்த பயிற்சியைத்தான் ரிட்டையரான பிறகு ஏரிக்கரையில் காட்டுகிறார் என்று சொல்லி அஷ்வின் ஆபீஸில் எல்லோரையும் சிரிக்கவைப்பான். அந்த ஜோக் இப்போது கூடத்தில் படுத்திருந்தது.

"ஒரு மனுஷன் அசையலைன்னா போய்த் தொட்டுப் பார்க்க மாட்டீங்களா? பறவை பறந்துடும்னு பயம்!"

"உயிர் உடனே போயிருக்கும்னு டாக்டர்..."

"டாக்டர் ஏரியில இல்ல. நீங்க இருந்தீங்க."

பரத் தலையைக் குனிந்துகொண்டான். "பவளக்கால் உள்ளான் ஒண்ணு நடந்து நடந்து அவரு கை பக்கத்துலயே வந்துடுச்சு. நாங்க மூச்சு விடல. என்னா பொறுமை பாருன்னு... ஒரு போட்டோ எடுத்தேன்."

"எடுத்து?"

"குரூப்ல போட்டேன்."

அது அப்பா வற்புறுத்தி அஷ்வினையும் சேர்த்துவிட்டிருந்த குழு.

"அஷ்வின், மெதுவா பேசு. வாத்தியார் கூப்பிடறார்," என்றபடி அம்மா ராஜலக்ஷ்மி வந்தாள்.

"அப்பா செத்துக் கிடக்கறச்சே போட்டோ எடுத்து ஊருக்கே அனுப்பிச்சிருக்கார்ம்மா இவர்!"

அம்மா கையை நீட்டினாள். "காட்டுங்கோ."

பரத் தயங்கித் தயங்கித் தன் போனைக் கொடுத்தான். சாம்பல்நிறத் தண்ணீர். சேற்றைத் தொட்டுக்கொண்டு குழாய்போல நீண்ட லென்ஸ். அதன் பின்னால் அப்பாவின் பச்சைத் தொப்பி. முழங்கைக்கு ஒரு சாண் தள்ளி, சிவந்த குச்சிக் கால்களில் ஒன்றைத் தூக்கியபடி அந்தப் பறவை. கீழே பரத் எழுதியிருந்தான்: 'சீனி சார்கிட்ட கத்துக்கணும்.'

அம்மா இரண்டு விரலால் பெரிதாக்கினாள். பறவையை அல்ல, தொப்பியை.

"பிளாஸ்க்ல காபி குடுத்தனுப்பிச்சேன். குடிச்சாரா?"

"குடிச்சாரும்மா. எனக்கும் ஒரு மூடி ஊத்திக் குடுத்தாரு."

"கிட்டவே வரமாட்டேங்கறது, கிட்டவே வரமாட்டேங்கறதுன்னு சொல்லிண்டே இருப்பார்," என்றாள் அம்மா. போனை அவள் திருப்பிக் கொடுக்கவில்லை.

அஷ்வினுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இதுக்கு லைக் வேற! குரூப்ல ஒருத்தனுக்காவது கண்ணு இருக்கா? யார் யாருன்னு பார்க்கறேன். ஒவ்வொருத்தனுக்கும் போன் பண்ணிக் கேக்கறேன்."

குளிக்கப் போகுமுன் செருப்பு அலமாரிமேல் வைத்திருந்த தன் போனை எடுத்தான். மணி ஆறு ஐம்பத்திரண்டு, பரத்தின் படம். அதன் கீழே கட்டைவிரல், இருபத்து மூன்று. பெயர்களை வரிசையாகப் படித்துக் காட்டத் திறந்தான்.

முதல் வரியில் அவன் முகமே இருந்தது.

காலையில் போர்வைக்குள்ளிருந்து ஒரு கண்ணைத் திறந்து, அலாரத்தை அமர்த்திய கையோடு போட்டது. அந்தக் குழுவில் எது வந்தாலும் ஒரு கட்டைவிரல் போட்டுவிடுவான். ராத்திரி சாப்பிடும்போது, "பார்த்தியாடா?" என்று அப்பா கேட்டால், "பார்த்தேம்ப்பா," என்று சொல்லலாம்.

"அஷ்வின், நாழியாறது," என்றார் வாத்தியார் உள்ளேயிருந்து.

அவன் பெயருக்குக் கீழே, நீக்கத் தட்டவும் என்று இருந்தது. தட்டினான். விரல் ஈரம், திரை கேட்கவில்லை. விரலை வேட்டியில் துடைத்தான். வேட்டியும் ஈரம். மறுபடி தட்டினான்.

பரத் தோள்பையைத் திறந்து, லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து நீட்டினான்.