ராஜப்பன் தோட்டத்துக் குளிர்

ஓசூர்ப் பக்கம் பேரிகை என்ற ஊருக்குத் தெற்கே, ராஜப்பனின் மாந்தோப்பில் மட்டும் சித்திரை மாதத்தில் உறைபனி விழுந்தது. வரப்புக்கு இந்தப் பக்கம் தக்காளிச் செடி வெயிலில் சுருண்டு கிடக்கும். ஓர் எட்டு எடுத்து அந்தப் பக்கம் வைத்தால் வாயிலிருந்து புகை வரும். வேளாண்மை அலுவலகத்திலிருந்து வந்தவர் வெப்பமானியை இரண்டு பக்கமும் தொங்கவிட்டுப் பார்த்து, கருவி பழுது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த முறை வேறு கருவியும் கூடவே ஒரு ஸ்வெட்டரும் கொண்டுவந்தார். ரோஜாத் தோட்டக்காரர்கள் அவரைவிடச் சுறுசுறுப்பு. ஓசூர் மார்க்கெட்டுக்கு வண்டி வரும்வரை பூக்கட்டுகளை அந்த வரப்போரம் அடுக்கிவைத்தார்கள், ஐஸ் செலவு மிச்சம் என்று.

காரணம் ஊருக்கே தெரியும். ராஜப்பனுக்கும் வெங்கடம்மாளுக்கும் ஒரே பிள்ளை திருமலை. மாங்கூழ் கம்பெனி ஒன்றின் குளிரறையில் வேலை. ஷிப்ட் மாறும்போது உள்ளே ஆள் இருப்பதைப் பார்க்காமல் யாரோ கதவைச் சாத்திவிட்டார்கள். மறுநாள் திறந்தபோது கூழ் டிரம்களுக்கு நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டு வாசலில் கொண்டுவந்து வைத்து, உச்சிவெயில் ஏறிய பிறகும் அவன் இமையில் இருந்த பனி உருகவில்லை. கால் நீட்ட வராததால் உட்கார்ந்த வாக்கிலேயே குழி வெட்டித் தோப்பின் நடுவில் வைத்தார்கள். பால் தெளிக்கப் போன அன்று பால் மண்ணில் பட்டதும் கட்டியாகிப்போனது. கூடியிருந்தவர்கள் பேச்சை நிறுத்தியபோது மண்ணுக்குள்ளிருந்து பல் தந்தியடிக்கும் சத்தம் கேட்டது. எல்லோருக்கும் கேட்டது. யாரும் அதைப் பற்றி விவாதிக்கவில்லை, அங்கே விவாதிக்க என்ன இருக்கிறது.

வெங்கடம்மாளுக்கு அதற்குப் பிறகு வேறு வேலை இல்லை. பிள்ளை செத்ததைக் கூட அவள் ஏதோ ஒரு விதத்தில் ஏற்றுக்கொண்டாள். செத்த பிறகும் குளிருகிறதே என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. கம்பளி வாங்கிப் போர்த்தினாள். விடிந்தால் அது பலகையாய் விறைத்திருக்கும். வைக்கோல் போட்டுக் கொளுத்தினாள். தீ எரிந்தது, சூடு மட்டும் இல்லை, கையை உள்ளே விட்டு எடுக்கலாம். வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு சாமியாடி, ஆந்திராவில் ஒருவர், கர்நாடகத்தில் ஒருவர் என்று மூன்று மாநிலத்திலும் பரிகாரம் செய்து பார்த்தாள். பல் நடுங்குவது நிற்கவில்லை. அவளும் வீட்டில் போர்வை தொடாமல் வெறுந்தரையில் கிடந்தாள். இதற்குள் மாமரங்கள் பூ கருகி, இலை கருகி, விறகாகிவிட்டன.

அப்போதுதான் பெங்களூரு ஒயின் கம்பெனியிலிருந்து குருமூர்த்தி வந்து சேர்ந்தார். ரோஜா வியாபாரிகள் மூலம் கேள்விப்பட்டாராம். தோப்புக்குள் கால் வைத்தவர் மண்ணை அள்ளி முகர்ந்து பார்த்தார், கண் கலங்கிவிட்டது. ஷார்டனே என்று ஒரு வெள்ளைத் திராட்சை. வெயில் நாட்டில் சீக்கிரம் பழுத்துக் கொழகொழவென்று போய்விடும், குளிர் நாட்டில் நிதானமாகப் பழுத்துத் தன் புளிப்பை விடாமல் வைத்திருக்கும், அந்தப் புளிப்புக்காக மனிதர்கள் கடல் தாண்டிப் போகிறார்கள் என்று கன்னடம் கலந்த தமிழில் ராஜப்பனுக்கு விளக்கினார். மரமும் போய் வருமானமும் போய் நின்ற ராஜப்பன் குத்தகைக்குச் சம்மதித்தார். ஒரே நிபந்தனை, தோட்டத்தில் இனி நெருப்பு மூட்டக் கூடாது. புகை பட்டால் பழம் கெட்டுவிடும். வெங்கடம்மாள் அன்று புருஷனோடு பேசுவதை நிறுத்தினாள். கொடிகள் குழியைச் சுற்றி வரிசை வரிசையாக ஏறின. மண்ணுக்கடியில் கேட்ட சத்தத்தைச் சொட்டுநீர் மோட்டாரின் சத்தம் என்று குருமூர்த்தி தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மோட்டாரை நிறுத்தினாலும் கேட்டது. அதற்கும் ஏதோ காரணம் வைத்திருந்தார்.

மூன்றாம் வருஷம் பழம் எல்லை தாண்டிப் போய் ஒயினாகி, சாம்பிள் பாட்டில்களாகக் காரில் திரும்பி வந்தது. பெங்களூரிலிருந்து ருசி பார்க்கிறவர்கள் இருவர், ஓர் ஆணும் ஒரு பெண்ணும், சால்வை போர்த்திக்கொண்டு கொடிகளுக்கு நடுவில் உட்கார்ந்தார்கள். மேஜையில் வெள்ளைத் துணி, நீளத் தண்டு வைத்த கண்ணாடிக் கோப்பைகள், நாக்கைச் சுத்தம் செய்ய வெங்கடம்மாள் கொண்டுவந்து வைத்த பொரி. முதலில் கோப்பையைச் சாய்த்து நிறம் பார்த்தார்கள்; வைக்கோல் ஊறிய தண்ணீரைப் போல் வெளிர்மஞ்சள். சுழற்றினார்கள், மூக்கை உள்ளே விட்டார்கள், ஒரு மடக்கு எடுத்து வாய்க்குள் காற்றை இழுத்து உருட்டினார்கள். பச்சை ஆப்பிள் என்றார் அந்த ஆண். எலுமிச்சைத் தோல், நனைந்த கருங்கல் என்றார் அந்தப் பெண். பிறகு கொஞ்சம் யோசித்து, காம்பு கிள்ளிய மாங்காயின் பால், கூடவே இரும்பு டிரம் என்றார். விழுங்கிய பிறகும் வாயில் இவ்வளவு நேரம் நிற்கும் ஷார்டனேயை இந்தப் பக்கம் குடித்ததில்லை என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டு, அவர்கள் தொழில் வழக்கப்படி, அடுத்த மடக்கைப் பக்கத்தில் இருந்த வாளியில் துப்பினார்கள்.

வெங்கடம்மாள் கையில் கொண்டுவந்த அடுத்த பொரித் தட்டைக் கீழே போட்டாள்.

"ஏஞ்சாமி, எம்புள்ளைய எதுக்குத் துப்பறீங்க?"

குருமூர்த்தி ஓடிவந்து, அது அவமரியாதை இல்லம்மா, நிறைய ருசி பார்க்கணும், குடித்தால் தலை சுற்றும் என்றார். அவள் காதில் வாங்கவில்லை. மேஜையிலிருந்த கோப்பையை எடுத்தாள். சாராயக் கடை இருந்த தெருவில் கூட நடக்காதவள். தண்டை விட்டுவிட்டுக் கிண்ணத்தை இரண்டு உள்ளங்கையிலும் பொத்திக்கொண்டு நெஞ்சோடு அணைத்தாள்.

"தண்டப் புடிங்கம்மா, கைச்சூடு படக் கூடாது. அது செத்துப் போவும்," என்று குருமூர்த்தி பதறினார்.

"செத்துதானேங்க கெடக்குது. சூடாவது படட்டும்."

யாரும் பிடுங்கத் துணியவில்லை. கோப்பையில் பூத்திருந்த நீர்த்துளிகள் அவள் விரலிடுக்கில் வழிந்தன. சூடு ஏற ஏற வாசனை மாறியது. எலுமிச்சை போனது, கல் போனது, பழுத்த மாம்பழம் வந்தது, தேங்காயெண்ணெய் வந்தது, தூங்கி எழுந்த வாலிபப் பிள்ளையின் வியர்வை வந்தது. ராஜப்பன் கோப்பையின் பக்கம் ஓர் எட்டு வைத்தார். அவனை முதன்முதலில் சூடாக வைத்திருந்த இடம் தன் வயிறுதான் என்று வெங்கடம்மாளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு முழுதும் குடித்தாள், ஒரு சொட்டு மிச்சமில்லாமல். ருசி பார்க்க வந்த அந்தப் பெண் மரியாதைக்கு ஒரு கோப்பையைக் கையால் சூடாக்கிக் குடித்துப் பார்த்து, மொண்ணையாகிவிட்டது, சாராயக் காரம் மட்டும் நிற்கிறது என்று உண்மையைச் சொன்னார். ஆனால் மண்ணுக்குள் பல் தந்தியடிப்பது ஒரு மூச்சு நேரம் நின்று, பிறகு முன்னைவிட மெதுவாகத் தொடர்ந்தது. தெற்கோரத்து வரிசையில் பனி உருகிச் சொட்டியது.

குருமூர்த்திக்கு அதற்குமேல் மோட்டார் என்று சொல்ல முடியவில்லை. ஒரு பாட்டில் சூடானால் ஒரு வரிசையில் குளிர் விட்டு, கொடி வெயிலில் போய்விடும் என்று அவருக்கு அன்றே புரிந்தது. கம்பெனி கேட்டால் வேலையும் போகும். இருந்தும் மறுவாரம் காரில் அந்தத் தோட்டத்து ஒயின் ஒரு பெட்டி கொண்டுவந்து இறக்கினார், அதற்கடுத்த வாரமும். மூன்று வருஷம் அந்தப் பையனின் தலைமேல் நின்றுகொண்டு காது கேட்காதவன் மாதிரி நடித்தேன் என்று ராஜப்பனிடம் சொல்லி அழுதாராம். ஆடி, ஆவணி முழுக்க வெங்கடம்மாள் பாட்டில் பாட்டிலாகக் கையில் பொத்திச் சூடாக்கிக் குடித்தாள். ஒவ்வொரு மடக்கும் அவளுக்குக் குமட்டியது. ஒன்றைக் கூட அவள் துப்பவில்லை. சந்தை நாளில் பேரிகைத் தெருவில் கால் பின்ன நடந்துவருவாள். குடிகாரி என்று ஒருவர் வாயிலும் வரவில்லை. ராஜப்பன் ஒரு கையால் அவள் தோளைப் பிடித்திருப்பார். அந்தத் தெருவிலேயே அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தார்கள்.

புரட்டாசியில் கடைசி பாட்டில். அதைக் குடித்து முடித்தபோது கொடிகள் எல்லாம் வாடித் தொங்கின, குருமூர்த்தியின் வேலை போயிருந்தது, தோட்டத்துக்குள் முதல்முறையாக ஒரு வெட்டுக்கிளி தாவியது. மூவரும் குழியருகே நின்று காது கொடுத்தார்கள். மண் சத்தமில்லாமல் இருந்தது. வெங்கடம்மாள் குனிந்து உள்ளங்கையை மண்ணில் வைத்து, உடனே எடுத்துக்கொண்டாள்.

"சுடுதுங்க," என்றாள்.

ராஜப்பன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வாய்விட்டு அழுதார். அவள் அழவில்லை. அண்ணாந்து சூரியனைப் பார்த்தாள், குழியைப் பார்த்தாள், முகம் மெல்ல மாறியது.

"ஏங்க, இந்த வெயில்ல கெடக்கறானே. மேல ஒரு பந்தலு போடுங்க."

ராஜப்பன் மூக்கைச் சிந்திவிட்டு, கீற்று வாங்கப் பேரிகைக்குக் கிளம்பினார்.