சம்பந்தி வீட்டு எஞ்சின்

பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாயைத் திறக்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் விமான மெக்கானிக் வேலைக்கு வரவே கூடாது. மெக்கானிக்கம்மா இதை ஹேங்கரில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். சொல்வதில் என்ன கஷ்டம்? மகளின் மாமனாரே தம்முடைய இரண்டு இருக்கை விமானத்தை அவள் பொறுப்பில் விட்ட பிறகுதான் அவளுக்கு நாக்கு எழவில்லை.

சம்பந்திக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை நடந்திருந்தது. ஆறேழு மாதம் பறக்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். விமானம் நிற்கும் ஹேங்கரோ கடலோரத்தில் இருந்தது. அதன் தகரக் கதவைத் தொட்டாலே கையில் உப்பு ஒட்டும். சும்மா நிற்கிற எஞ்சினை அந்தக் காற்று லேசில் விடாது. அதிலும் இந்த வகை எஞ்சினில், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்ட் உச்சியில் இருக்கிறது. ஓட்டம் நின்றதும் எண்ணெய் வழிந்து கீழே இறங்கிவிடும். மேலே இருப்பது காய்ந்துபோய்க் கிடக்கும்.

“கேம் துருப்பிடிச்சா மொத்த எஞ்சினையும் பிரிக்கணும், சம்பந்தி.”

“அப்படி ஆச்சுன்னா வித்துடுவேன். இந்த வயசுல எஞ்சினைப் பிரிச்சுப் போட்டுட்டு உக்காந்திருக்க என்னால ஆகாது,” என்றார் அவர். சொன்ன கையோடு இறக்கையைத் தடவிக் கொடுத்தார். விற்றுவிட்டால் மனிதர் பாதியாகிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது.

எண்ணெயிலேயே முதல் உரசல் வந்தது. அவருக்கு எப்போதும் மல்டி கிரேடு எண்ணெய்தான்.

“குளிர்லயும் சட்டுனு ஓடும். அதைவிட நல்ல ஆயில் ஏது?”

“ஓடுற எஞ்சினுக்கு அது நல்ல ஆயில். நிக்கிற எஞ்சினுக்கு ஒட்டிக்கிட்டு நிக்கிறதுதான் நல்ல ஆயில்.”

நீரும் அமிலமும் கலந்துபோன பழைய எண்ணெயை வடித்துவிட்டு, துருத்தடுப்பு எண்ணெயை ஊற்றினாள். விமானப் பயிற்சியாளர் ஒருவரை விட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறி உள்ளே இருந்த ஈரமெல்லாம் ஆவியாகும் வரை பறக்கவைத்தாள். பிறகு சிலிண்டர்களுக்குள் எண்ணெய் பீய்ச்சி, ஸ்பார்க் பிளக் இருந்த இடங்களில் ஈரம் உறிஞ்சும் நீல மணிகள் அடைத்த பிளக்குகளை மாட்டினாள். புகைக்குழாய் வாயை ஒட்டி மூடினாள். ‘சுற்றாதீர்கள்’ என்று ஒரு போர்டை எழுதிப் புரொப்பல்லரில் தொங்கவிட்டாள்.

சில நாள் கழித்து அவள் ஹேங்கருக்குள் நுழைந்தபோது, ஒரு கண்ணை மூடிக் கட்டியிருந்த சம்பந்தி அந்தப் புரொப்பல்லரை ஆசை ஆசையாகச் சுற்றிக்கொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க சம்பந்தி?”

“தினமும் வந்து நாலு சுத்து சுத்தி விடுறேன். படுத்தே கிடந்தா கை கால் பிடிச்சுக்குமில்ல?”

“போர்டு மாட்டியிருக்கேனே!”

“அது மத்தவங்களுக்குன்னு நினைச்சேன்.”

புரொப்பல்லரைச் சுற்றினால் உள்ளே எஞ்சினும் சேர்ந்து சுற்றும். ஒவ்வொரு சுற்றும் கேமில் ஒட்டியிருக்கிற எண்ணெயைத் துடைத்து எடுக்கும், உப்புக் காற்றையும் உள்ளே இழுக்கும். வெளியே போய் மகளைப் போனில் கூப்பிட்டாள். “பாத்துப் பேசும்மா, அவர் ரோஷக்காரர்,” என்றாள் மகள். மகள் பயந்ததிலும் தப்பில்லை, அந்த வீட்டில் வாழ்கிறவள் அவள்தானே. ஆனால் பார்த்துப் பேசினால் கேம் என்ன துருப்பிடிக்காமலா இருக்கும்?

திரும்பி வந்து நேராகவே சொன்னாள். “சம்பந்தி, நீங்க கொஞ்சுறதா நினைச்சு எண்ணெயைத் துடைச்சு எடுக்கிறீங்க. கையை எடுங்க. இனிமே தொடுறதா இருந்தா வேற மெக்கானிக்கைப் பாத்துக்கங்க.”

அவர் முகம் சிவந்துவிட்டது. வாங்கி வைத்த டீயைக்கூடக் குடிக்காமல் போனார். அதன் பிறகு ஹேங்கர் பக்கமே தலைகாட்டவில்லை. “உன் பேரை எடுத்தாலே மாமா பேச்சை மாத்திடறார்,” என்றாள் மகள். மெக்கானிக்கம்மா உள்ளுக்குள் நொந்துபோனாள். ஆனாலும் சிலிண்டர்களில் மறுபடி எண்ணெய் பீய்ச்சினாள். மணிகள் ஈரம் குடித்து நீலம் மாறி வெளிறும் போதெல்லாம் புதிது மாற்றினாள். அவர் அதற்குள் சுற்றியதே போதுமோ, துரு அப்போதே பிடித்துவிட்டதோ என்ற பயம் மட்டும் விட்டபாடில்லை.

டாக்டர் அனுமதி கொடுத்ததும் சம்பந்தி தம் மகனோடு வந்து ஓரமாக நின்றார். பக்கத்து விமானத்துக்காரரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார். சும்மா நின்ற அவருடைய எஞ்சின் துருவேறி, இப்போதுதான் பிரிக்கப் போயிருந்தது. மெக்கானிக்கம்மா ஒரு சிலிண்டரைக் கழற்றினாள். டார்ச்சை உள்ளே அடித்தாள்.

கேம் பளபளவென்று எண்ணெய் பூசிக்கொண்டு நின்றது. ஒரு புள்ளி துரு இல்லை.

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. “வாங்க சம்பந்தி, வந்து பாருங்க. நான் வச்சிருக்கிற லட்சணத்தைப் பாருங்க!”

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பக்கத்து விமானத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. “என்ன ஆயில் சார் போட்டீங்க? நானும் அதையே வாங்கிடறேன்.”

சம்பந்தி நிமிர்ந்தார். “ஆயிலைக் கடையில வாங்கிடலாம். ‘கையை எடுங்க’ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற சம்பந்திக்கு எங்க போவீங்க?”

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்தான். மெக்கானிக்கம்மா சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு, “வெளிச்சத்தை மறைக்காதீங்க சம்பந்தி, இதை மாட்டணும்,” என்றாள்.

அந்த ரோஷக்காரர் சட்டென்று நகர்ந்து வழி விட்டார்.