சாயங்காலம் வரை கழுவக்கூடாது

எங்கள் அம்மாவுக்கு இருந்தது ஒரே ஆசைதான். எங்கள் சீனப் புது வருஷத்தின் இரண்டாம் நாள், கட்டிக்கொடுத்த பெண்கள் புருஷனோடு தாய்வீட்டுக்கு வருவார்கள். அன்றைக்கு ஒரு தடவையாவது என் இரண்டு அக்காள்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்க வேண்டும் என்பாள். கேட்டால் இதென்ன பெரிய ஆசை என்று தோன்றும். ஆனால் மூத்தவள் குய்ஷியாங்கின் புருஷன் பெய், தேசியக் கட்சிப் படையில் கேப்டன். அடுத்தவள் ஷூயேயின் புருஷன் டுவான், கம்யூனிஸ்டுப் படையில் சிப்பாய்களுக்கு அரசியல் பாடம் நடத்துகிறவர். பெண் கொடுக்கும்போது ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார், மற்றவர் மருந்துக்கடைக்காரர் மகன். சண்டை வந்த பிறகு ஆளுக்கொரு பக்கமாகப் போய்ச் சேர்ந்தார்கள். ஒருவர் வருகிற வருஷம் மற்றவர் எட்டிப் பார்க்க மாட்டார்.

அந்த வருஷம் அம்மா ஒரு வேலை செய்தாள். பெரியவருக்கு ஆள் அனுப்பி, சின்னவர் வரவில்லை என்றாள். சின்னவருக்கும் அதையே மாற்றிச் சொல்லி அனுப்பினாள். இருவரும் அவரவர் படை தங்கியிருந்த மலையிலிருந்து இறங்கி, குடியானவர் சட்டை போட்டு, தலையில் துண்டு கட்டி, மனைவியையும் அழைத்துக்கொண்டு எங்கள் வாசலில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். அம்மா ஒன்றும் தெரியாதவள் போல மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

காலமும் நல்ல காலமில்லை. ஜப்பான்காரனை எதிர்த்துச் சேர்ந்து நிற்போம் என்று இரண்டு கட்சியும் கைகொடுத்திருந்தாலும், அந்த மாதம்தான் தெற்கே அன்ஹுய் மலையில் பெரியத்தானின் படை சின்னத்தானின் படையை வளைத்துச் சுட்டுத் தள்ளியிருந்தது. எங்கள் ஊரோ ஜப்பான்காரன் பிடியில் இருந்தது. ரோட்டோரம் அவனுடைய காவல் கோபுரம். அவனிடம் சம்பளம் வாங்கும் நம்மவர்களே துப்பாக்கியோடு வீடு வீடாக வந்து ஆண்களின் தலைத்துண்டை அவிழ்த்துப் பார்ப்பார்கள். பட்டாளத் தொப்பி போட்டவனுக்குத் தொப்பிக்குக் கீழே முகம் கறுத்திருக்கும், மேலே நெற்றியில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும். போன மாதம் சந்தையில் ஒருவனை அந்தக் கோடு தெரிந்துதான் இழுத்துப் போனார்கள்.

இவ்வளவும் தெரிந்துதான் அத்தான்கள் வந்தார்கள். வந்தும் என்ன பயன்? குளிருக்காக அடியில் நெருப்பிட்ட மண்மேடையில் ஆளுக்கொரு மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்கள். அக்காள்கள் இருவரும் அவரவர் புருஷன் பக்கத்திலேயே தலை குனிந்து இருந்தார்கள். அம்மா அடுப்படியில் நின்று புகை என்று சாக்குச் சொல்லிக் கண்ணைத் துடைத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் வீட்டுக்கு மூன்றாவது, கல்யாணம் ஆகாதவள். கொழுந்தியாளுக்கென்று அன்றைக்கு இரண்டு உரிமை உண்டு. ஒன்று, மாப்பிள்ளைத் தட்டில் மிளகாய் அடைத்த கொழுக்கட்டை ஒன்றைக் கலந்து வைப்பது. இன்னொன்று, சட்டிக்கரியை அவர் முகத்தில் பூசுவது. தேய்க்காத பெரிய இரும்புச் சட்டியைக் கொண்டுவந்து மேடைமேல் கவிழ்த்தேன். துண்டைத் தூக்கிவிட்டுப் பெரியத்தானின் நெற்றி முதல் தாடை வரை ஒரு இடம் விடாமல் பூசினேன். விறைப்பான மனுஷன், ஆனாலும் அசையாமல் காட்டினார்.

சின்னத்தான் என் கையைத் தட்டிவிட்டார். "இதெல்லாம் பழைய காலத்துக் கூத்து, ஸான்னி. நாங்க கட்டப்போற நாட்டுல இதெல்லாம் கிடையாது."

பெரியத்தான் சுவரைப் பார்த்துச் சொன்னார். "மூஞ்சியில கொஞ்சம் கரி பட்டாலே பதறுறவங்கதான் நாட்டைத் தூக்கி நிறுத்தப் போறாங்களாம்."

"கூட நிக்கிறவன் முதுகுல சுடுறவங்ககிட்ட எனக்குப் பேச்சு இல்ல."

பெரியத்தான் எழுந்தார். சின்னத்தானும் எழுந்தார். அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. அந்த நேரம் தெருவில் நாய்கள் குரைத்தன. பக்கத்து வீட்டுக் கதவை யாரோ துப்பாக்கிக் கட்டையால் இடித்தார்கள்.

பின்பக்கம் வெறும் மதில். ஓட வழியில்லை. சின்னத்தானின் தலைத்துண்டு விலகி, நெற்றியில் வெள்ளைக் கோடு பளிச்சென்று தெரிந்தது. ஷூயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் மரம் மாதிரி நின்றுவிட்டேன். பெரியத்தான்தான் நகர்ந்தார். இரண்டு உள்ளங்கையையும் சட்டியில் தேய்த்தார். ஒரே தாவலில் சின்னத்தானை மேடையில் சாய்த்து, முழங்காலால் அமுக்கினார். அடிக்கத்தான் வருகிறார் என்று சின்னத்தான் அவர் கழுத்துப்பட்டியைப் பிடித்துத் திருகினார்.

"அசையாம இருடா கொஞ்சம்," என்றார் பெரியத்தான். அவர் சின்னத்தானை டா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

கதவு திறந்தபோது உள்ளே வந்தவர்கள் பார்த்தது, இரண்டு பெரிய ஆண்கள் கரியும் முகமுமாகக் கட்டிப் புரளுவதையும், கொழுந்தியாள் ஒருத்தி கைதட்டிச் சிரிப்பதையும்தான். என்னால் எப்படிச் சிரிக்க முடிந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

முன்னால் ஜப்பான் சார்ஜென்ட். பக்கத்தில் ஹௌ. ஹௌ பக்கத்து ஊர்க்காரன், இப்போது அவர்களுக்குத் துபாஷி. சார்ஜென்ட் இரண்டு துண்டுகளையும் பிடுங்கி எறிந்தான். மயிர் தொடங்கும் இடம் வரை ஒரே கறுப்பு. இதென்ன என்று கேட்டான். ஹௌ சிரித்துக்கொண்டே மாப்பிள்ளை விருந்தைப் பற்றி விளக்கினான். சார்ஜென்ட் சிரிக்கவில்லை. மூலையில் இருந்த தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டி, முகம் கழுவுவதுபோலக் கையை அசைத்தான்.

ஹௌ குனிந்து இரண்டு முகத்தையும் பார்த்தான். சின்னத்தானின் காதோரம் கரி படாத இடத்தில் வெள்ளைக் கோடு கொஞ்சம் மிச்சமிருந்தது. நான் பார்த்தேன். ஹௌவும் பார்த்தான்.

அவன் நிமிர்ந்து சார்ஜென்டிடம் நீளமாக ஏதோ சொன்னான். பிறகு எங்கள் பக்கம் திரும்பினான். "சாயங்காலம் வரைக்கும் கழுவக்கூடாதுன்னு சொல்லிட்டேன். கழுவினா அந்த வீட்டுல கால் வச்சவங்க அத்தனை பேருக்கும் ஆகாதுன்னும் சொல்லிட்டேன். சரிதானேம்மா?"

அப்படி ஒரு வழக்கம் எங்கள் ஊரில் கிடையவே கிடையாது. அவனுக்கும் தெரியும்.

"ஆமாப்பா," என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல். "எங்க பாட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தான்."

சார்ஜென்ட் வாசல்படியையும் தன் பூட்ஸ் காலையும் ஒருமுறை பார்த்தான். பிறகு வெளியேறினான். ஹௌ போகிற போக்கில் தட்டிலிருந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். நான் பெரியத்தானுக்கென்று வைத்திருந்த மிளகாய்க் கொழுக்கட்டை அது. கண்ணில் நீர் கொட்ட, ஒரு சத்தம் போடாமல் விழுங்கிவிட்டு நடந்தான். அவன் வீட்டிலும் கொழுந்தியாள் இருந்திருப்பாள்.

அவர்கள் தெரு முனை தாண்டினார்கள். பிறகு பெரியத்தான் கட்டைவிரலைச் சட்டியில் தேய்த்து, சின்னத்தானின் காதோரத்தில் இழுத்துவிட்டார்.

"இங்க விட்டுப்போச்சு," என்றார்.

சின்னத்தான் தலையைச் சாய்த்துக் காட்டினார்.

சாப்பிட்டதும் கழுவிக்கொண்டு கிளம்பப் பார்த்தார்கள். அம்மா தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டாள். "சாயங்காலம் வரைக்கும் கழுவக்கூடாது மாப்பிள்ளை, நீங்களே கேட்டீங்கல்ல?" என்றாள். வேறு வழியில்லாமல் உட்கார்ந்தார்கள். யார் படை எந்தப் போரில் முதலில் ஓடியது என்று பொழுது சாயும்வரை சண்டை போட்டார்கள். இந்தத் தடவை சுவரோடு அல்ல, முகத்துக்கு முகம் பார்த்துப் போட்டார்கள். அக்காள்கள் இருவரும் ஒரே கிண்ணத்துப் புளிப்புக் காடியில் கொழுக்கட்டையைத் தொட்டுத் தின்றார்கள். அம்மா சாப்பிடவே இல்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். எங்கள் வீட்டில் அவ்வளவு சந்தோஷமான நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் வெகுகாலத்துக்கு இல்லை.

ஜப்பான்காரன் போனதும் இரண்டு கட்சியும் தங்களுக்குள் அடித்துக்கொண்டன. தோற்ற படையோடு பெரியத்தானும் குய்ஷியாங்கும் கடல் தாண்டித் தைவானுக்குப் போனார்கள். போனவர்கள் வர வழியில்லாமல் நாற்பது வருஷம் ஓடிப்போயிற்று. அம்மாவும் போய்விட்டாள். வழி திறந்துவிட்ட பிறகு வந்த புது வருஷத்தில், இரண்டாம் நாள், மூத்தவளும் அத்தானும் வந்து இறங்கினார்கள். இருவருக்கும் கையில் கோல்.

நான் சட்டியைக் கவிழ்த்தேன். ஆயுள் முழுக்கக் கட்சிக்காரராக இருந்து மூடப்பழக்கங்களைத் திட்டித் தீர்த்த சின்னத்தான்தான் முதலில் முகத்தை நீட்டினார்.

"காதோரத்தை விட்டுடாத, ஸான்னி," என்றார் பெரியத்தான்.

நான் விடவில்லை. வெயில் இறங்கும்வரை இரண்டு பேரும் கழுவ எழுந்திருக்கவும் இல்லை.